6,514 ஜன்னல்களும் ஒரு கரண்ட் பில்லும்

2010-ம் ஆண்டு. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் அலுவலகங்கள் மூடி, ஊழியர்கள் வீட்டுக்குப் போன பிறகு வேறொரு கூட்டம் வேலைக்கு வரும். தளம் தளமாகப் போய் ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றுவார்கள். கழற்றியவை ஐந்தாவது மாடிக்குப் போகும். அங்கே இதற்கென்றே ஒரு தற்காலிகப் பட்டறை. இரட்டைக் கண்ணாடிகளைப் பிரித்து, கழுவித் துடைத்து, நடுவில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பிலிம் ஒன்றை விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். இடைவெளியில் கிரிப்டான், ஆர்கான் வாயுக்களை நிரப்பி மறுபடியும் மூடுவார்கள். பிறகு அது பழைய சட்டத்துக்கே திரும்பும். காலையில் வந்து நாற்காலியில் உட்காருகிறவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது.

சில மாதங்களில் இப்படி 6,514 ஜன்னல்களை முடித்தார்கள். சுமார் 26,000 கண்ணாடிகள். அவற்றில் 96 சதவீதத்துக்கும் மேல் பழைய பொருளே திரும்பப் பயன்பட்டது. லாரி லாரியாகக் குப்பை இறக்கவில்லை. புதுக் கண்ணாடி ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் லாரிகள் வரவும் இல்லை.

1931-ல் திறக்கப்பட்ட கட்டடம் அது. 1981-ல் நியூயார்க் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. 1986-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதியும் சேர்ந்தது. வெளித்தோற்றத்தில் கைவைக்க முடியாது. இப்படிப்பட்ட கட்டடத்தில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது ஆகாத காரியம் என்று நினைப்பவர்கள்தாம் அதிகம். ஆனால் இங்கே 38 சதவீதம் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். முதல் ஆண்டு முடிவில் பார்த்தபோது, அந்த ஆண்டுக்கென்று உத்தரவாதம் கொடுத்த அளவைவிட 5 சதவீதம் கூடுதலாகவே சேமிப்பு வந்திருந்தது.

எப்படி நடந்தது? ஜன்னல் ஒரு பகுதிதான். ராக்கி மவுன்டன் இன்ஸ்டிடியூட்டின் பொறியாளர்களும் ஜான்சன் கன்ட்ரோல்ஸ், ஜோன்ஸ் லாங் லசால் நிறுவனத்தாரும் சேர்ந்து உட்கார்ந்து, 60-க்கும் மேற்பட்ட யோசனைகளை எழுதிவைத்து, ஒவ்வொன்றையும் கணக்கிட்டுக் கழித்து, கடைசியில் எட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எட்டில் ஒன்று, கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். அறையைச் சூடாக்கும் நீராவி ரேடியேட்டர்கள் வெளிச்சுவரை ஒட்டி நின்றன. சூட்டில் ஒரு பங்கு அறைக்குள் வராமல் சுவர் வழியே தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ரேடியேட்டர்களின் முதுகுக்குப் பின்னால் வெப்பத்தைத் திருப்பும் தகடு ஒன்றைச் செருகினார்கள். அவ்வளவுதான். வரலாற்றுச் சின்னத்துக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

கதையின் முக்கியமான இடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. அங்கிருந்த குளிரூட்டும் இயந்திரங்கள் பழசாகிவிட்டன. அவற்றை எடுத்துவிட்டுப் புதிதாக வாங்கிப் போடுவது என்றுதான் முதலில் திட்டம். ஜன்னல், ரேடியேட்டர், விளக்கு வேலைகளை முதலில் செய்யலாம் என்று முடிவானதும், கட்டடத்துக்குத் தேவையான குளிர்ச்சியே மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்று கணக்குக் காட்டியது. பிறகு எதற்குப் புது இயந்திரம்? இருந்த இயந்திரங்களின் வெளிக்கூட்டை வைத்துக்கொண்டு உள்ளுறுப்புகளை மட்டும் புதுப்பித்தார்கள். அந்த ஒரு மாற்றத்தில் மட்டும் மிச்சமான முதலீடு சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர். முழுக் கட்டடத்திலும் ஆற்றல் சேமிப்புக்கென்று கூடுதலாக ஆன நிகரச் செலவு 1 கோடியே 32 லட்சம் டாலர்; ஆண்டுச் சேமிப்பு 44 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். மூன்றே ஆண்டில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும் கணக்கு.

இதில் நாம் பார்க்க வேண்டியது வரிசையை. முதலில் அளந்தார்கள். பிறகு கட்டடத்தைச் சரிசெய்தார்கள். இயந்திரம் கடைசியில் வந்தது. உலகம் முழுக்கப் பழைய கட்டடங்களில் நடக்கும் அபத்தங்களில் பெரும்பாலானவை இந்த வரிசை தலைகீழாகும்போது நடப்பவை.

குளிரில் நடுங்கும் நான்கு லட்சம்

பழைய கட்டடங்களைக் காப்பதில் பிரிட்டனைப் போலப் பிடிவாதக்கார நாடு குறைவு. இங்கிலாந்தில் மட்டும் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் சுமார் 4 லட்சம் பதிவுகள் இருக்கின்றன. அரண்மனையும் தேவாலயமும் அதில் சிறுபான்மை. பத்தில் ஒன்பதுக்கு மேல் இரண்டாம் தரம் என்ற கடைசி வகுப்பைச் சேர்ந்தவை. சாதாரணக் குடும்பங்கள் சமைத்து, துணி காயப்போட்டு வாழும் வீடுகளும் அவற்றில் ஏராளம். அந்த வீட்டின் தன்மையை மாற்றும் எந்த வேலையையும் அனுமதி இல்லாமல் செய்தால் அது கிரிமினல் குற்றம்.

2022-ல் உக்ரைன் போரை ஒட்டி எரிவாயு விலை எகிறியபோது இந்த வீட்டுக்காரர்கள் பல்லைக் கடித்தார்கள். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், ஒட்டாத சட்டம், உள்ளே ஊதும் பனிக்காற்று. பக்கத்துத் தெருவில் பட்டியலில் இல்லாத வீட்டுக்காரர் பிளாஸ்டிக் சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி போட்டுக்கொள்கிறார். எனக்கு மட்டும் ஏன் கூடாது? கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில், பல உள்ளூராட்சி அலுவலகங்கள் நீண்ட காலம் 'கூடாது' என்று மட்டும் சொல்லிவந்தன. எது கூடும் என்று சொல்லவில்லை.

பதில் பரிசோதனைக் கூடத்தில் இருந்தது. மேலும் கீழும் நழுவித் திறக்கும் பழைய மர ஜன்னல் ஒன்றை வைத்து, கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தில் சோதனை செய்தார்கள். ஸ்காட்லாந்தின் மரபுச்சின்ன அமைப்பு அந்த முடிவுகளை 2008-ல் வெளியிட்டது. கனமான திரைச்சீலையை இழுத்துவிட்டால் கண்ணாடி வழியாகப் போகும் வெப்பம் 14 சதவீதம் குறைகிறது. அந்தக் காலத்து வீடுகளில் ஜன்னலுக்கு உட்புறம் இருக்கும் மடக்கு மரக்கதவுகளைச் சாத்தினால் 51 சதவீதம் குறைகிறது. பழைய ஜன்னலைத் தொடாமல் உட்பக்கமாகத் தனிச் சட்டத்தில் இன்னொரு கண்ணாடி பொருத்தினால் 63 சதவீதம். சட்டத்தின் இடுக்குகளைச் சீர்செய்து காற்றுத்தடுப்புப் பட்டை வைத்தால் ஜன்னல் வழி ஊதும் காற்று 86 சதவீதம் குறைவதையும் தொடர்ந்து நடந்த இன்னொரு ஆய்வு காட்டியது.

200 ஆண்டுகளுக்கு முன் அந்த ஜன்னலைச் செய்த தச்சருக்கு வெப்பக் கசிவை அளக்கும் யூ-வேல்யூ தெரியாது. இரவில் கதவைச் சாத்தினால் அறை சூடாக இருக்கும் என்று தெரியும். அதனால் கதவு வைத்தார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கதவுகள் மேல் பெயின்ட் மேல் பெயின்ட்டாக அடித்து, சுவர்ப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிப்போக விட்டுவிட்டார்கள். பல வீடுகளில் கதவு இருப்பதே வீட்டுக்காரருக்குத் தெரியாது. அதை நெம்பித் திறக்கச் சட்டத்தின் அனுமதி தேவையில்லை; ஒரு நல்ல தச்சர் போதும்.

இன்னொன்று. முத்திரையிட்ட இரட்டைக் கண்ணாடி பொதுவாக 20, 25 ஆண்டுகளில் உள்ளே பனி படிந்து பயனிழக்கும். அப்போது அதைத் தூக்கி எறிந்து புதிதாகத்தான் வாங்க வேண்டும். மெதுவாக வளர்ந்த பைன் மரத்தில் செய்த பழைய சட்டத்தை, கெட்ட துண்டை மட்டும் வெட்டி ஒட்டி இன்னொரு நூற்றாண்டு ஓட்டலாம். விற்பவர்கள் சொல்லும் சேமிப்புக் கணக்கில் இது வராது.

சுவர் ஏன் வியர்க்கிறது?

ஜன்னலைவிடச் சிக்கலானது சுவர். இங்கேதான் அதிகப் பணமும் அதிகக் கட்டடங்களும் பாழாகியிருக்கின்றன.

பிரிட்டனில் ஒரு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ ஆற்றல் தரச்சான்று வேண்டும். சான்று கொடுக்கும் மென்பொருள், கெட்டியான பழைய செங்கல் சுவருக்கு 2.1 என்ற யூ-வேல்யூவைத் தானாகவே போட்டுக்கொண்டிருந்தது. ஒரு சதுர மீட்டர் சுவர் வழியே, உள்ளும் புறமும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதற்கான அளவு அது. எண் பெரிதானால் சுவர் மோசம். 1877-ல் வில்லியம் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் உட்படச் சிலர், மென்பொருளை நம்பாமல் நிஜச் சுவர்களில் கருவிகளை ஒட்டி அளந்து பார்த்தார்கள். பெரும்பாலான சுவர்கள் சொன்னதைவிட நன்றாகவே வெப்பத்தைத் தடுத்தன. கடைசியில் மென்பொருளின் எண்ணும் 1.7 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்குள் எத்தனை வீடுகள் 'மோசம்' என்று முத்திரை குத்தப்பட்டு, தேவையில்லாத சிகிச்சைக்கு ஆளாயின என்பதற்குக் கணக்கில்லை.

சிகிச்சை ஏன் ஆபத்து? பழைய சுவர் சுண்ணாம்புச் சுவர். ஈரத்தை உள்ளே விடும், வெளியேயும் விடும். மழையில் நனையும், வெயிலில் உலரும். அதன்மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து, ரசாயன நுரைப் பலகை ஒட்டினால் சித்திரை வெயிலில் நைலான் சட்டை போட்ட கதைதான். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. குளிர்ந்த சுவருக்கும் பலகைக்கும் இடையே நீர் கோக்கும். சுவருக்குள் செருகிய உத்தரங்களின் முனை இற்றுப்போகும். வெளியிலிருந்து பார்க்கப் பளபளவென்றிருக்கும் சுவருக்குப் பின்னால் பூஞ்சை.

அவசரமாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனே சாட்சி. அரசுத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவர்க் காப்பு பொருத்திய வீடுகளில் 98 சதவீதத்தில் சரிசெய்தே ஆக வேண்டிய குறைகள் இருப்பதாக அந்நாட்டின் தணிக்கை அமைப்பு 2025-ல் அறிக்கை கொடுத்தது. உட்சுவர்க் காப்பில் 29 சதவீதம். இவையெல்லாம் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் அல்ல. ஆனாலும் காண்ட்ராக்டரும் அவர் கையிலிருக்கும் பொருளும் ஒன்றுதான். சாதாரண வீட்டிலேயே இந்த லட்சணம் என்றால் 300 ஆண்டுச் சுவரில் என்ன ஆகும் என்று யோசிக்கலாம்.

சரியாகச் செய்யவே முடியாதா? முடியும். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் நியூ கோர்ட், பெயர்தான் 'நியூ'; 1820-களில் வில்லியம் வில்கின்ஸ் கட்டியது. பாதுகாப்பில் முதல் தரம், அதாவது உச்சத் தரம். மாணவர்கள் தங்கும் அந்தக் கட்டடத்தின் சுவர்களுக்கு உட்புறம், ஈரத்தை விட்டு வாங்கும் மரநார்ப் பலகையை ஒட்டி, சுண்ணாம்புப் பூச்சுக் கொடுத்தார்கள். சுவர் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க உள்ளே உணர்விகளைப் பதித்தார்கள். ஈரம் ஏறினால் முதலில் கல்லூரிக்குத் தெரியும், பூஞ்சைக்கு அல்ல. முதல் தரக் கட்டடத்தில் இவ்வளவு செய்யலாமா என்று விவாதம் நடந்தது. அளவீடுகளைக் காட்டித்தான் அனுமதி வாங்கினார்கள்.

தேவாலயக் கூரையில் சோலார்

அதே கேம்பிரிட்ஜில் இன்னொரு சண்டையும் நடந்தது. 1446-ல் ஆறாம் ஹென்றி அடிக்கல் நாட்டிய கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் ஈயக் கூரையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சாரம் கட்டப்போகிறோம், அப்படியே சோலார் பலகைகளையும் வைத்துவிடலாமே என்றது கல்லூரி. அரசின் மரபு ஆலோசனை அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து தயங்கியது. உலகப் புகழ்பெற்ற கூரைக்கோட்டில் பலகை பளபளப்பது தோற்றத்தைக் கெடுக்கும் என்றது. 2023-ல் நகர மன்றம் கல்லூரியின் பக்கம் நின்றது. இன்று அந்தக் கூரையில் 438 பலகைகள் இருக்கின்றன; ஆண்டுக்கு சுமார் ஒரு லட்சம் யூனிட் மின்சாரம் என்பது கணக்கு. குளஸ்டர் பேராலயம் 2016-லேயே 150 பலகைகளை ஏற்றிவிட்டது.

எனக்கு இந்தச் சண்டையில் கல்லூரியின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. பலகையை நாளை கழற்றிவிடலாம். கூரை அப்படியே இருக்கும். பழைய ஜன்னலைப் பெயர்த்து எறிந்தால் எறிந்ததுதான். திருப்பிச் சரிசெய்ய முடிந்த மாற்றத்துக்கு இளக்கமும், முடியாத மாற்றத்துக்குக் கண்டிப்பும் காட்டுவதே பாதுகாப்புச் சட்டத்துக்கு அழகு. ஹிஸ்டாரிக் இங்கிலாந்தும் இறங்கி வந்திருக்கிறது. எந்தெந்த வேலைக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம், எப்படிச் செய்தால் கிடைக்கும் என்று விளக்கி 2024 ஜூலையில் ஓர் ஆலோசனைக் கையேடு வெளியிட்டது.

சேப்பாக்கத்துக்கு வருவோம்

பிரிட்டனில் குளிரை வெளியே நிறுத்துவது பிரச்னை. இங்கே வெயிலை. அதனால் அவர்களுடைய பொருட்களை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. வரிசையை இறக்குமதி செய்யலாம்.

சென்னையில் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோமின் செனட் ஹவுஸ், 1892-ல் திறந்த உயர் நீதிமன்றம், அதே பாணியில் நிற்கும் மற்ற செங்கல் மாளிகைகள் எல்லாம் மின்சாரம் வருவதற்கு முன்னாலோ, வந்த புதிதிலோ எழுந்தவை. வெயில் சுவரில் படாமல் தடுக்க ஆழமான தாழ்வாரம். சூடான காற்று தலைக்கு மேலே போய்த் தங்க உயரமான கூரை. வெளிச்சத்தை மறித்துக் காற்றை மட்டும் விடும் சாய்சட்டக் கதவுகள். கூரையில், தேக்கு உத்தரங்களின் மேல் செங்கலைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவை ஊற்றி, மேலே தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ். பங்களாக்களில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தார்கள். அதிலும் திருப்தியில்லாத துரைமார்களுக்காக பாஸ்டனிலிருந்து கப்பலில் ஐஸ் வந்தது. அதைச் சேமிக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். வெளியிலிருந்து குளிரை விலைக்கு வாங்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

இன்று பழைய அரசுக் கட்டடங்களின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். சுவரெங்கும் ஏசியின் வெளி யூனிட்டுகள் தொங்கும். ஓட்டை போட்டு விட்ட குழாய்களிலிருந்து நீர் சொட்டி, சுண்ணாம்புப் பூச்சு கறுத்துப் பெயர்ந்திருக்கும். உள்ளே இருபது அடி உயர அறை. அதில் ஆறடிக்குக் கீழேதான் மனிதர்கள். மீதிக் காற்றைக் குளிர்விக்கும் பணம் யாருக்கும் உதவாத பணம். சாய்சட்டக் கதவுகளின் இடுக்கு வழியே குளிர் வெளியேறும், கடற்கரையின் ஈரக்காற்று உள்ளே வரும், குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சையாகும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சுவருக்குள் நடப்பது இங்கே ஏசி அறையின் சுவரில் நடக்கிறது.

பழைய கட்டடம் என்றாலே இயற்கையாகக் குளிர்ச்சி என்று சொல்லும் கூட்டத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. தடித்த சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடுவதற்கு, இரவு குளிர வேண்டும். சென்னையில் இரவும் புழுங்குகிறது. ஆகவே இங்கே சுவரின் தடிமனைவிட நிழலும் காற்றோட்டமும்தான் வேலை செய்யும். அடைத்துவைத்த தாழ்வாரத்தைத் திறந்துவிடுவதும், மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பதும் முதல் வேலைகள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில் சுற்றும். இவ்வளவும் செய்த பிறகும் கோப்பறை, கணினி அறை, நீதிமன்ற அறை போன்றவற்றுக்கு ஏசி வேண்டியிருக்கும். இருக்கட்டும். அந்த அறைகளை மட்டும் பிரித்து, தரையில் நிற்கும் தனித் தடுப்புகளுக்குள் அமைக்கலாம். வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றிவைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பதும் விதி. நம் அலுவலகங்களில் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் 18-ல் வைக்கிறார் என்பது வேறு விஷயம்.

சட்டங்களோ ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. 2007-ல் மத்திய அரசு கொண்டுவந்த கட்டட எரிசக்தி விதித்தொகுப்பு, புதிதாக எழும் பெரிய வணிகக் கட்டடங்களைக் குறிவைத்தது. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறி, நடைமுறைக்கு வர 2024 ஆனது. அது தோற்றத்தையும் இடிப்பையும் பற்றிக் கவலைப்படும். பழைய கட்டடத்தின் கரண்ட் பில் இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது.

இத்தனைக்கும் 1768-ல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மகாலை, 2012 ஜனவரியில் தீ விழுங்கிய பிறகு, சுண்ணாம்பும் தேக்கும் கொண்டு மரபு முறையிலேயே மீட்டுக் காட்டியது நம் பொதுப்பணித்துறைதான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதற்குள் குடியேறியது. கைவேலை தெரிந்த கொத்தனார்களும் பொறியாளர்களும் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மரபு ஆணையத்துக்கும் பொதுப்பணித்துறைக்கும் ஒரு கோரிக்கை. மரபுக் கட்டடப் பட்டியலில் உள்ள எந்த அரசுக் கட்டடத்துக்கும் இனி ஏசி டெண்டர் விடும் முன், அந்தக் கட்டடத்தின் ஓராண்டு மின்கட்டணத்தையும், முக்கிய அறைகளின் வெப்பம், ஈரப்பத அளவுகளையும் பதிவுசெய்து பொதுவில் வையுங்கள். கூரை, தாழ்வாரம், ஜன்னல் வேலைகள் முடிந்தனவா என்று அதே கோப்பில் ஒரு பத்தி இருக்கட்டும். அந்தப் பத்தி காலியாக இருந்தால் டெண்டரை நிறுத்திவைக்கலாம்.